ஒரு பொட்டலம் குறைகிறது

சங்கரன் புனே பக்கம் கட்கி வெடிமருந்து ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்து, ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராமல் ரிட்டயர் ஆனவர். யாராவது அகப்பட்டால் இதை அவரே சொல்லிவிடுவார். கேட்பவர்களுக்கு இதில் மெச்ச என்ன இருக்கிறது என்று புரியாது. பென்சில்தான் கடையில் கிடைக்கிறதே என்பார்கள். சங்கரனுக்கு அவர்களைப் புரியாது. சாமானை எண்ணி வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுக்கிறவன் மனுஷன், மற்றவனெல்லாம் வெறும் ஜனத்தொகை என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவர் தமது அறுபத்திரண்டாம் வயதில் ஒரு பொட்டலத்தைத் திருடினார். உள்ளே இருந்தது தங்கமில்லை, கிருமி.

இப்படி ஆரம்பித்தால் மனுஷனைப் பற்றித் தப்பாகத்தான் தோன்றும். அதனால் முதலில் அவர் பெண்ணைப் பார்த்துவிடலாம்.

அம்ருதாவுக்கு இருபத்துநாலு வயது. ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. பிறக்கும்போதே பி.கே.யு. என்ற மூன்றெழுத்து வியாதியோடு பிறந்தவள். புரதம் இருக்கிற எதைச் சாப்பிட்டாலும், அதிலிருக்கும் ஒரே ஒரு சரக்கை மட்டும் அவள் உடம்புக்கு உடைக்கத் தெரியாது. அது ரத்தத்தில் தேங்கும். தேங்கித் தேங்கி மூளையைக் கெடுக்கும். அவள் பிறந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் தன் ஆராய்ச்சிக்காகப் பிறக்கிற குழந்தை ஒன்று விடாமல் குதிகாலில் ஊசி குத்திக்கொண்டிருந்தார். அதில் பத்தாம் நாளே அகப்பட்டுவிட்டது. அவருக்குக் கட்டுரை கிடைத்தது, இவளுக்கு மூளை தப்பியது. இருவரும் அதற்கப்புறம் சந்திக்கவில்லை.

வைத்தியம் ஒன்றுதான்: சாப்பிடாமல் இருப்பது. பருப்பு கூடாது. பால், மோர், உளுந்து, கடலை, எதுவும் கூடாது. சாதம் எடை போட்டு, காய்கறி எடை போட்டு. கூடவே அட்டைப் பெட்டியை ஊறவைத்த வாசனையில் ஒரு பொடியைக் கரைத்துக் குடிக்க வேண்டும். ஜவ்வரிசியில் புரதம் இல்லாததால் அதுமட்டும் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம். புனேயில் சாபுதானா கிச்சடிக்கா பஞ்சம்? ஆனால் வேர்க்கடலை போடாமல் பண்ணு என்று சொன்னால், சண்டைக்கு வந்தவனைப் பார்ப்பதுபோலக் கடைக்காரன் பார்ப்பான்.

எடை போடும் வேலை சங்கரனுடையது. அதை வேறு யாரிடமும் அவர் விட்டதில்லை, ரமாவிடம்கூட. சமையலறை மேடையில் கிராம் காட்டும் தராசு. வடித்த சாதம் நூற்றிருபது கிராம். "இன்னும் கொஞ்சம்" என்று அம்ருதா மூன்று வயதில் கேட்டாள், ஐந்து வயதில் கேட்டாள், ஏழு வயதில் நிறுத்திவிட்டாள். அவள் கேட்டபோதெல்லாம் சங்கரன் தராசைத்தான் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போட்டிருப்பார்.

மூன்று வயதில்தான் ஒருநாள் தயிர்ச் சட்டியில் கையை விட்டு, முழங்கை வரை நக்கிவிட்டாள். அந்த மாசம் ரத்தத்தில் அளவு பதினாலு. ஆறுக்குள் இருக்க வேண்டியது. மறுநாளே சங்கரன் அந்த வீட்டில் தயிரை ஒழித்தார். மாயவரத்துக்காரர், தயிர் இல்லாமல் சாப்பாட்டை முடித்தால் சாப்பிட்டதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாதவர். ஃபாக்டரி கேன்டீனில் மட்டும் சாப்பிட்டுக்கொண்டார். ரிட்டயர் ஆனதும் அதுவும் போயிற்று. கட்கி பஜாரில் ஒரு டெய்ரி வாசலில் நின்று லஸ்ஸி குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். ரமாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. அம்ருதா மேஜையில் சாப்பிட்டு எழுந்த பிறகு, புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். அவள் கண்ணில் படாமல் சாம்பார் சாப்பிட வேறு வழியில்லை. இருபத்தொரு வருஷமாக அந்த மேஜையில் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

இந்த நிலையில்தான் ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்துப் பரிசோதனை என்று கூப்பிட்டார்கள். அங்கே பொறுப்பில் இருந்த ரோஹிணி கோயம்புத்தூர்ப் பெண், வாகட்டில் குடியிருப்பவள். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் விலாவாரியாக விளக்கினாள்.

"இது எல்லார் குடல்லயும் இருக்கிற கிருமிதானுங்க சார். அதுல ஜீனை மாத்தி, உங்க பொண்ணால உடைக்க முடியாத அந்தச் சரக்கை இது தின்னுடற மாதிரி பண்ணியிருக்காங்க. வேளைக்கு ஒரு பொட்டலம் தண்ணில கலந்து குடிச்சாப் போதுமுங்க."

"உயிரோட இருக்கா?"

"இருக்குங்க."

"ஒரு பொட்டலத்துல எத்தனை?"

"அது ஆயிரக்கணக்கான கோடி இருக்குமுங்க சார்."

எண்ண முடியாத சாமானைச் சங்கரன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்தார். அப்புறம், "பொட்டலத்தை எண்ணிக்கலாமோல்லியோ?" என்று கேட்டார். எண்ணிக்கொள்ளலாம், காலிப் பொட்டலத்தைக்கூட எண்ணித் திருப்பித் தர வேண்டும் என்று ரோஹிணி சொன்னதும் அவருக்கு அந்தக் கம்பெனிமேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

சம்மதப் பத்திரம் இருபத்திரண்டு பக்கம். அம்ருதா அதை ஒரு வாரம் வைத்துக்கொண்டு படித்தாள். சங்கரன் ஒரு மணி நேரம் பார்த்தார். பக்க எண் வரிசையாக இருக்கிறதா, கையெழுத்து எல்லாம் விழுந்திருக்கிறதா, முத்திரை சரியா என்று பார்த்து, பதினாலாம் பக்கத்தில் டாக்டர் கையெழுத்து விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. பெட்டி எண்ணிக்கையும் சீலும் ஸ்டோர்கீப்பர் பொறுப்பு, பெட்டிக்குள் இருப்பது இன்ஸ்பெக்ஷன்காரன் பொறுப்பு. முப்பத்தாறு வருஷப் பழக்கம் லேசில் போகுமா?

மருந்து கேட்டது. ஒன்பதில் இருந்த அளவு இரண்டு மாசத்தில் நாலுக்கு வந்தது. டயட்டீஷியன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: இட்லி ஒன்று, தயிர் ஒரு கரண்டி, வெந்த பருப்பு அறுபது கிராம்வரை, ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரமா விடியற்காலையே குளித்துவிட்டாள். தீபாவளிக்குக்கூட அவள் அவ்வளவு சீக்கிரம் குளித்ததில்லை. முதலில் இட்லி வந்தது. அம்ருதா ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றாள்.

"தெர்மோகோல் மாதிரி இருக்கும்மா."

அடுத்தது தயிர். இருபத்தொரு வருஷ விரோதத்தைச் சங்கரன் தாமே கரண்டியில் எடுத்து வந்தார். அம்ருதா அதை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே திருப்பி வைத்தாள்.

"சீ! காயாத துணி நாத்தம். இதுக்காப்பா இத்தன வருஷம் வீட்ல கர்ஃப்யூ போட்டே?"

சங்கரனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. தயிரை அப்படிச் சொன்ன ஒரு ஜீவனை அவர் அதுவரை கண்டதில்லை, அதுவும் தமக்கே பிறந்தது.

மூன்றாவதாகத் துவரம்பருப்பு. உப்பும் நெய்யும் மட்டும் போட்டு மசித்தது, முப்பது கிராம். அம்ருதா சாதத்தில் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். இரண்டாம் வாய், மூன்றாம் வாய். தட்டு காலியாயிற்று. தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்," என்றாள்.

சங்கரன் பழக்கத்தில் தராசைப் பார்த்தார். அப்புறம் தாளைப் பார்த்தார். தாளில் இன்னும் முப்பது கிராம் இடம் இருந்தது. போட்டார். கரண்டி தட்டில் இரண்டு தரம் தட்டியது. ரமா அடுப்பை அணைக்கிறேன் என்று உள்ளே போனாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த வீடு வீடாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தாள் நீண்டது. ஐந்தாம் மாசம், இனிமேல் கரண்டி அளவு போதும் என்று டயட்டீஷியன் சொன்னாள். தராசு பரணுக்குப் போயிற்று. மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்ருதா பருப்புசாதம் சாப்பிட, எதிரே சங்கரன் தயிர்சாதம் பிசைவார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, நாத்தம்," என்பாள். டெய்ரிக்காரர் பாஸ்கர் பஜாரில் பார்த்து, "க்யா சாப், லஸ்ஸி பந்த்?" என்று கேட்டார். சங்கரன் கௌரவமாகத் தலையாட்டினார்.

எட்டாம் மாசம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மொத்தமாகப் பார்க்கையில் எதிர்பார்த்த பலன் போதிய பேரிடம் தெரியவில்லை, பரிசோதனையை இத்துடன் நிறுத்துகிறோம், பங்கேற்றதற்கு நன்றி.

"இவளுக்குக் கேட்டுதே?" என்றார் சங்கரன்.

"நாலஞ்சு பேருக்குக் கேட்டுதுங்க சார். அது பத்தாதுன்னு சொல்றாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றாள் ரோஹிணி. "மீதிப் பொட்டலத்தை வெள்ளிக்கிழமை கொண்டுவந்துடுங்க."

அன்று சாயங்காலம் தராசு பரணிலிருந்து இறங்கியது. நூற்றிருபது கிராம். அம்ருதா தனியாக மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தாள். சங்கரன் சமையலறையில் நின்றுகொண்டு ரசம்சாதம் சாப்பிட்டார். தயிரை ரமா மத்தியானமே கீழ்வீட்டுக் கனகவல்லியிடம் கொடுத்துவிட்டாள். ஒருவரும் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

ஃபிரிட்ஜில் மீதம் நாற்பத்தொரு பொட்டலம் இருந்தது. சங்கரன் அதை மூன்று நாள் திறந்து திறந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று விளங்கவில்லை. இது உயிருள்ள சாமான் என்றுதானே சொன்னாள்? உயிருள்ளதை எதற்காகப் பொட்டலம் பொட்டலமாகத் தர வேண்டும்? கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் நாள், பக்கத்துவீட்டு விசாலாக்ஷி மாமியிடம் ரமா ஒரு கரண்டி மோர் உறைக்கு வாங்கினாள். அந்த ஒரு கரண்டி ஐந்தாறு வருஷம், தயிரை ஒழிக்கிற நாள்வரை, அந்தக் குடும்பத்துக்கும் அண்டை அசலுக்கும் ஓடியது. மறுபடி ஒரு சொட்டு யாரும் வாங்கவில்லை. தினம் சாப்பிட வேண்டியது, ஒரு கரண்டி மிச்சம் வைக்க வேண்டியது, அவ்வளவுதானே? கம்பெனிக்காரனுக்குத் தயிர் தோய்க்கத் தெரியவில்லை என்று சங்கரன் முடிவு கட்டினார்.

வெள்ளிக்கிழமை நாற்பது பொட்டலம் திரும்பிப் போயிற்று. படிவத்தில், 'ஒரு பொட்டலம் குறைகிறது. கைதவறிக் கொட்டிவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வியர்த்து ஊற்றியது. விசாரணை வரும், எந்த இடத்தில் கொட்டியது, யார் சாட்சி என்றெல்லாம் கேட்பார்கள் என்று பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தார். ரோஹிணி படிவத்தைப் பார்த்து, "பரவால்லீங்க சார்," என்று ஃபைலில் வைத்துவிட்டாள். சங்கரனுக்கு நிம்மதியைவிட மனத்தாங்கல்தான் அதிகமாக இருந்தது.

பாலில் தோய்த்தால் அம்ருதாவுக்கு ஆகாது. ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிக் கலக்கினார். எவர்சில்வர் தூக்கில் ஊற்றித் துணியைச் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தார். அப்புறம் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். திருடினதைச் சொல்லும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்தார்.

ரமா வாயைத் திறந்தாள். அம்ருதா அம்மாவின் கையைத் தொட்டாள். அப்பாவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ட்ரை பண்ணலாம்பா," என்றாள்.

அன்றிலிருந்து தினம் காலையில் ஒரு டம்ளர் கஞ்சி. ஒரு கரண்டி மிச்சம் வைத்து மறுநாளைக்கு உறை. ரமா காய்ச்சுவாள், சங்கரன் முகர்ந்து பார்ப்பார். முதல் இரண்டு நாள் கழுவாத தொட்டி மாதிரி ஒரு வாடை வந்தது. மூன்றாம் நாளிலிருந்து இதமாகப் புளித்தது. "பிடிச்சுண்டுடுத்து," என்றார் சங்கரன்.

தராசு பரணுக்குப் போயிற்று. ரமா நாலடுக்கு டப்பாவில் இட்லியும் சாம்பாரும் பருப்புசாதமும் கட்டிக் கொடுப்பாள். ஹிஞ்சேவாடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்ருதா டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். சாயங்காலம் வந்து, ஆபீஸில் ஒரு பிடி பிடித்துவிட்டேன், வயிறு திம்மென்றிருக்கிறது என்று கொஞ்சம் ரசம்சாதத்தோடு நிறுத்திக்கொள்வாள். ஆனால் மூன்று பேரும் மேஜையில்தான் உட்கார்ந்தார்கள். சங்கரன் தயிர் பிசைந்தார்.

இருந்தாலும் ஸ்டோர்கீப்பர் ஸ்டோர்கீப்பர்தானே? ஒவ்வொரு மாசமும் விரல் நுனி ரத்தத்தை அட்டையில் வைத்து லேபுக்கு அனுப்பினார். முடிவு அவர் வாட்ஸ்அப்புக்கு வரும். முதல் மாசம் ஐந்து புள்ளி எட்டு. இரண்டாம் மாசம் ஐந்து புள்ளி ஆறு. மூன்றாம் மாசமும் அதே. வெறும் தராசை நம்பியிருந்த காலத்தில் ஒன்பதுக்குக் கீழே இறங்காத அளவு, டப்பா டப்பாவாகப் பருப்பைத் தின்றும் ஆறைத் தாண்டவில்லை. சங்கரன் அந்த மூன்றாம் முடிவைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். கம்பெனி மேலாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம். தாங்கள் கைவிட்ட சரக்கை வீட்டு முறையில் பெருக்கும் விதம் பற்றி. எண்பது வார்த்தையில் முடித்தார்.

கடிதம் போகட்டும். அவர் அதோடு நின்றிருந்தால் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருக்குப் பழக்கமானவள் சாவித்ரி. மதுரைப் பக்கம். புருஷன் கசார்வாடியில் லேத் பட்டறையில் வேலை. பெண் மீனுவுக்கு எட்டு வயது, இதே வியாதி. வயசு போதாது என்று பரிசோதனையில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனாலும் சாவித்ரி மாசாமாசம் வந்து, இந்தத் தடவையாவது சேர்ப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போவாள். உறை ஊற்றினவன் அடுத்த வீட்டுக்கு ஒரு கரண்டி கொடுக்காமல் இருப்பானா? சனிக்கிழமை சங்கரன் அவளுக்கு ஃபோன் செய்தார். ஞாயிறு காலை தூக்கில் அரைப் பங்கு ஊற்றி, மூடியை நூலால் கட்டி, "கசார்வாடி போய்ட்டு வரேன்," என்று கிளம்பிவிட்டார்.

"வேண்டாம்னா. வெய்யில்," என்றாள் ரமா.

"எட்டு மணிக்கு என்னடி வெய்யில்?"

கட்கி ஸ்டேஷனில் லோணாவாளா லோக்கல் இருபது நிமிஷம் லேட். சங்கரன் பெஞ்சில் உட்கார்ந்து தூக்கை மடியில் வைத்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் அம்ருதா வந்தாள். வீட்டில் போட்டிருந்த செருப்போடு ஓடிவந்திருக்கிறாள், தலைகூட வாரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"அப்பா, அத குடுக்காதே."

"ஏண்டி? எட்டு வயசுக் கொழந்த. பருப்ப கண்ணால பாத்ததில்ல."

"அது மருந்தில்லப்பா."

"உன் ரிப்போர்ட் அஞ்சு புள்ளி ஆறு. நான் என்ன குருட்டாம்போக்குலயா கொண்டுபோறேன்?"

அம்ருதா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் சாப்டலப்பா. டப்பால மேல் மூணு அடுக்கு ஆபீஸ்ல ஸ்நேஹாவுக்கும் ஷ்ரேயஸுக்கும். ஷ்ரேயஸ் நாலு கிலோ ஏறிட்டான். அடியில அம்மா எனக்கு ஜவ்வரிசி வெப்பா. சாயங்காலம் உன் முன்னாடி சாப்டற சாதம் மட்டும் நிஜம். அதையும் நீ போட்டதவிட கம்மியா சாப்ட்டேன். ரிப்போர்ட் உன் ஃபோனுக்குன்னா வரும்."

சங்கரன் தூக்கின் மூடியில் கட்டியிருந்த நூலை இன்னொரு தரம் இறுக்கினார். பக்கத்து வடாபாவ் கடையில் எண்ணெய் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தக் கிருமிய கட்டிப்போட்டுன்னா அனுப்பியிருக்கா. அதுக்குன்னு ஒரு தனி தீனி, பொட்டலத்துக்குள்ள மட்டும் இருக்கும். வெளில எங்கயும் கிடைக்காது. அது இல்லேன்னா பெருகாது, செத்துடும். ஊரெல்லாம் பரவக்கூடாதுன்னு வேணும்னே அப்படி பண்ணியிருக்கா. கன்சென்ட் ஃபார்ம்ல பதினாலாம் பக்கம்."

பதினாலாம் பக்கம். அந்தப் பக்கத்தில் டாக்டர் கையெழுத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவரே அவர்தான்.

"உங்கம்மாவுக்கும் இது தெரியுமா?"

"மூணாம் நாளே அந்த உறைய கொட்டிட்டா. நாத்தம் தாங்கல. இது வெறும் கஞ்சி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சது."

"தினம் மோந்து பாத்தேனேடி."

"பாத்தே."

"டப்பா மூணு ஆள் சாப்பாட்டுக் கனம் கனத்திருக்குமே," என்றார் சங்கரன். அதை எடை போட்டுப் பார்க்காமல் போனதுதான் அந்த நிமிஷத்தில் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அவமானம் அடங்கியதும் பயம் வந்தது. இவள் சமர்த்தாக இல்லாமல் என்னை நம்பி மூன்று மாசம் பருப்பைத் தின்றிருந்தால்? இப்போது இந்தத் தூக்கை நம்பி அந்தக் குழந்தை தின்றிருந்தால்? மடியிலிருந்த தூக்கை எடுத்துக் கீழே வைத்தார்.

"மொதல் நாளே சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லத்தான் வந்தேன்." அம்ருதாவின் தமிழ் எப்போதுமே பாதியில் ஹிந்திக்குத் தாவும், அன்றைக்குத் தாவவில்லை, தேடித் தேடிப் பேசினாள். "கம்பெனி லெட்டர் வந்த அன்னிக்கு நீ திரும்ப கிச்சன்ல நின்னுண்டு சாப்ட்டே. எனக்குப் பருப்பு போனது கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா அத பாக்க முடியலப்பா. எனக்கு நாலு வயசுலேர்ந்து தெரியும், நீங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம நின்னுண்டு சாப்டறது. அப்பறம் நீ கஞ்சிய கலக்கிண்டு வந்து சொன்னியா? மேஜைல மூணு தட்டு போட்டிருந்தே. அதான் ட்ரை பண்ணலாம்னேன்."

லோக்கல் வந்தது. ஜனம் இறங்கியது, ஏறியது. சங்கரன் எழுந்திருக்கவில்லை. வண்டி போன பிறகு ஃபோனை எடுத்து சாவித்ரியைக் கூப்பிட்டார்.

"சார், கிளம்பிட்டீங்களா? பாத்திரத்தைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கேன் சார். மீனு வாசல்லயே நிக்கிறா."

"சாவித்ரி, நான் தப்பாச் சொல்லிட்டேன். இது மருந்தில்ல. வெறும் கஞ்சி. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. மீனுவுக்கு எதையும் மாத்தாதே, எப்பவும்போல எடை போட்டே குடு."

அந்தப் பக்கம் பாத்திரத்தை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"பரவாயில்ல சார்," என்றாள் சாவித்ரி. "பாத்திரம் எப்படியும் கழுவ வேண்டியதுதானே."

ஃபோனை வைத்த பிறகுதான் சங்கரனுக்கு அழுகை வந்தது. மேல்துண்டு இல்லாததால் சட்டையைத் தூக்கித் துடைத்துக்கொண்டார். அம்ருதா தூக்கின் நூலைப் பிரித்து, மூடியில் கஞ்சியை ஊற்றி நீட்டினாள். குடித்தார். எலுமிச்சம்பழ மணம் நன்றாகவே தெரிந்தது. இதை எப்படி மூன்று மாசமாக உறை என்று நினைத்தேன் என்று அவருக்கே புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்தார். ரோஹிணிக்கு இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார்: 'ஒரு பொட்டலம் குறைந்தது கொட்டியதால் அல்ல. நான் எடுத்தேன்.' நாளைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வருவதாக ரமாவிடம் சொன்னார். ரமா ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். எலுமிச்சம்பழ விஷயத்தில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் உதறல் இருந்தது.

மத்தியானம் தராசு இறங்கியது. சமையலறை மேடைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையின் நடுவில், ரசப் பாத்திரத்துக்கும் தயிர்க் கிண்ணத்துக்கும் இடையில் உட்கார்ந்தது. மூன்று தட்டு. சங்கரன் அம்ருதாவின் தட்டை எடுத்து நூற்றிருபது கிராம் வைத்தார்.

"நூறுப்பா. இப்ப நூறுதான்."

இருபது கிராமை எடுத்தார். விரல் நுனியால், பருக்கை பருக்கையாக, எண் சரியாக நூறில் நிற்கும்வரை எடுத்தார். பிறகு அவள் எதிரில் உட்காராமல் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தம் சாதத்தில் தயிரை ஊற்றிப் பிசைந்தார்.

"அப்பா, நாத்தம்."

"தெரியும்."

"கொஞ்சம் தள்ளி உக்காரேன்."

"மாட்டேன்," என்றார் சங்கரன். அம்ருதா இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வலது கையால் ரசத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.